அச்சாரம்

ஞாயிற்றுக்கிழமை எஃபிக்கு ஞானஸ்நானம்.
பாதிரியார் நெற்றியில் விட்டது மூன்று சொட்டு.
குழிக்குள் எங்களுக்கு முழங்கால்வரை தண்ணீர்.
அதற்கு யாரும் ஜெபம் சொல்வதில்லை.

மேற்பார்வை ஹாடோ ஒரு ஷில்லிங்கோடு வந்தார்,
பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.
எது பட்டாலும் மூடிக்கொள்ளும் விரல்கள்,
என் மயிரை, என் மார்பை, காற்றைப் பிடிக்கிற விரல்கள்
மூடிக்கொண்டன.
"பார், ஒப்புக்கொண்டுவிட்டாள்" என்று சிரித்தார்.
டூகலும் சிரித்தான். வேறென்ன செய்வான்,
அவன் கையிலும் ஒருநாள் வைத்ததுதானே.

இந்தக் குழி கைமாறும்போது பத்திரத்தில்
கயிறு, வாளி, இரண்டு குதிரை,
பிறகு நாங்கள்.
குதிரைகளுக்கு மட்டும் வயது எழுதியிருக்கும்.

என் தம்பி வாட்டி ஓடிப் பார்த்தான்.
ஒரு வருடமும் ஒரு நாளும் கண்ணில் படாதிருந்தால்
சட்டம் மறந்துவிடுமாம், யாரோ சொன்னது.
கிளாஸ்கோவில், கிளைட் ஆற்றங்கரையில்
புகையிலைப் பீப்பாய் உருட்டினான்
பதினோரு மாதம்.
முகம் கழுவும்போது பிடித்தார்கள்.
காயத்துக்குள் கரி புகுந்து ஆறிய நீலத் தழும்பு,
எந்தச் சோப்புக்கும் போகாதது.
திரும்பி வந்தவன் அடியைப் பற்றிப் பேசியதில்லை.
புகையிலை வாசம் பற்றி மட்டும், ஒரே ஒரு முறை.

எஃபியின் முகத்தில் இன்னும் ஒரு கோடும் இல்லை.

முதுகில் என் எடைக்கு மேல் கரி,
நெற்றியில் வார், பல்லில் கொழுப்புத் திரி.
மேலே ஏறுகிறவள் கூடையிலிருந்து துண்டு நழுவினால்
கீழே இருப்பவளுக்கு முகம் திருப்ப இடமில்லை.
நான் சுமந்த கரி வண்டியேறி நகரத்துக்குப் போகிறது
சர்க்கரை காய்ச்ச, கண்ணாடி ஊத,
யாரோ கால் காய.

ஒரு செவ்வாய் இரவு
அந்த வண்டியில், வைக்கோலுக்கடியில், எஃபியும் போனாள்.
வண்டிக்காரன் மனைவி பெத்தியாவுக்குப்
பிள்ளை செத்து ஒன்பது நாள், பால் நிற்கவில்லை.
எங்களுக்குள் அதற்குமேல் பேச்சில்லை.

ஹாடோ கேட்டார். காய்ச்சல் என்றேன்.
பிறகு கக்குவான் என்றேன்.
பிறகு அக்கா வீட்டில் என்றேன்.
எனக்கு அக்கா கிடையாது.
அவர் பேரேட்டைப் புரட்டும்வரை இருப்பாள்.

டூகல் எதுவும் கேட்கவில்லை.
பனி கொட்டிய வாரத்திலும்
தொட்டிலை உடைத்து அடுப்பில் வைக்கவில்லை.

ஷில்லிங் என் பாவாடை மடிப்பில், தைத்து வைத்திருக்கிறேன்.
அச்சாரம் செலவானால்தானே பேரம் முடிந்தது?
யாரிடம் கேட்பது,
எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம்.

நூற்றுப் பதினேழு படி.
முன்பு வெறும் படியாக எண்ணினேன்,
இப்போது படிக்கு ஒரு நாள்.
மூன்று தடவை ஏறினால் முந்நூற்று ஐம்பத்தொன்று.
நான்காம் தடவை, பதினைந்தாம் படியில்
கொஞ்சம் நிற்பேன்.

கீழே வருகிறவள், திரியைக் கடித்தபடி,
ம்ம், ம்ம் என்பாள்.
ஏறு என்று அர்த்தம்.