வடிகால்

நேற்று ராத்திரி நான் மூட்டை எண்ணவில்லை,
மூச்சு எண்ணினேன்.
கைப்பேசியில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு
வதனியின் சட்டையைத் தூக்கிவிட்டு:
ஐம்பத்தி நாலு.
மறுபடி. ஐம்பத்தாறு.
நாலு வயசுக்கு நாற்பதைத் தாண்டக் கூடாதென்று
அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருந்தது,
பாதி கிழிந்து.

ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே
ஒரு பள்ளம்,
ஈரக் களிமண்ணில் குதிகால் ஊன்றி எடுத்த மாதிரி.
கழுத்துக் குழியிலும் ஒன்று.
நெஞ்சுக்குள் விசில்.
"அப்பா தண்" என்றாள்.
"ணி"க்குக் காற்று மிச்சமில்லை.

சளிதான், தைலம் தேய்த்தால் போகும் என்று
போன தையிலும் சொன்னார்கள்.
தேய்த்தோம் போன தையில்.

கோட்டூரிலிருந்து மன்னார்குடி வரைக்கும்
பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவே
நிமிர்த்தி உட்காரவைத்தே கொண்டுபோனோம்.
சாய்ந்தால் சத்தம் கூடியது.
பனியில் ரோடு தெரியவில்லை.
கோகிலா என் முதுகுக்குப் பின்னால்
ஒரு வார்த்தை பேசவில்லை.

விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள்.
சிவப்பில் தொண்ணூற்றொன்று.
கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதமும்
இப்படித்தான் எண்ணாக வரும்.
பதினேழைத் தாண்டினால்
காயவைத்துக் கொண்டுவா என்று
திருப்பி அனுப்பிவிடுவோம்.
இங்கே யாரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை.
ஆரோக்கியமேரி சிஸ்டர் முகமூடியை வைத்துப் பிடித்தார்.
வெள்ளை ஆவியில் அவள் கண் மட்டும் தெரிந்தது,
என்னையே பார்த்துக்கொண்டு.

விடியும்போது பள்ளம் மேடாகியிருந்தது.
"பம்பு அடிச்சா பழகிடும், அப்புறம் விடாதுங்கறாங்களே"
கோகிலா அப்போதுதான் வாய் திறந்தாள்.
டாக்டர் ரஹமத்நிஷா சீட்டின் பின்பக்கம்
ஒரு கோடு இழுத்தார்.
கோடு பிரிந்தது, பிரிந்தது பிரிந்தது.
எனக்குத் தெரிந்த படம்தான்.
நீடாமங்கலத்தில் பிரிகிற மூணு ஆறு,
அப்புறம் வாய்க்கால், கன்னி வாய்க்கால்,
கடைசியில் மண்வெட்டியால் வெட்டிய மடை.
"கடைமடைக்குத் தண்ணி வரலியா டாக்டர்?"

"வருது. வடியத்தான் மாட்டேங்குது."

குழாயின் சுவர் வீங்கி, சதை இறுகி, சளி அடைத்து
உள்ளே போன காற்று அங்கேயே நிற்குமாம்.
நிற்கிற காற்றுக்கு மேல்
புதுக்காற்று எங்கே போகும்?

கார்த்திகையில் சம்பா முங்கிக் கிடந்தபோது
நாங்கள் கேட்டதும் தண்ணியை இல்லை.

நீலப் பம்பு, திணறும்போது திறக்கிற மதகு.
பழுப்பு, தினம் தூர் வாருகிற ஆள்.
சத்தமே இல்லாத மாசத்திலும் வாரணும்,
நாங்கள் சொல்லாமல் நிறுத்தாதீங்க என்றார்.
தூர் வாருவதைத் தள்ளிப்போடுகிற ஊரில்
இதை ரெண்டு தடவை சொன்னார்.

வீட்டில் சிகரெட்?
இல்லை.
அடுப்பு?
கேஸ்தான்.
உங்க வேலை?

சட்டையைக் குனிந்து பார்த்தேன்.
மடித்த கைக்குள் கருக்காத் தூசி,
காலரில் சுணை.
தூற்றும் மெஷினிலிருந்து நேராக வந்து
அவளை அள்ளுகிற தோள்.
அவள் முகம் புதைக்கிற இடம்.

"அதுதான் காரணம்னு சொல்லலை," என்றார்,
"அதுவும் ஒண்ணு. பனியும் ஒண்ணு.
சளிக்காய்ச்சல் வந்தா அது பெரிய ஒண்ணு."
எழுதிக்கொண்டே சொன்னார்.
நான் மட்டும் நிமிரவில்லை.

இப்போது இருட்டில் போர்செட்டில் நிற்கிறேன்.
சட்டை கொல்லைக் கம்பியில்.
தை மாசத் தண்ணி எலும்பில் ஏறுகிறது.
வாசல் விளக்கடியில் வதனி
ரப்பர் யானைக்கு முகமூடி வைத்துப்
பம்பு அடிக்கிறாள்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, யானை மூச்சு விடணும்,
ஆறு, ஏழு.
எட்டை மறந்து ஒண்ணிலிருந்து தொடங்குகிறாள்.

கிட்டே போனதும் ஒரு கை நீட்டித் தடுக்கிறாள்.
"சுணை போச்சா?"
போச்சு என்கிறேன்.
முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறாள்,
"இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு வா."