ஒன்பதணாக் கால்

விக்கிரமசிங்கபுரம் மில்லில்
நூற்புக் கணக்கு எழுதினவன் நான், அனவரதம்.
மேலே பாபநாசத்து அருவி விழும்,
கீழே கதிர் சுற்றும்.
சுற்றினதை எண்ணி எழுதுவது என் பாடு.

இருபத்தாறாம் வருஷம், ஆனிச் சாரல்.
மக்கிந்தர் துரை ஒரு பேர் சொன்னார்: சொரிமுத்து.
சிவந்திபுரத்து ஆள். இடங்கால்காரன்.
'டாஃபர் என்று எழுது. தினம் ஒன்பதணா.'
எழுதினேன்.

நிறைந்த பாபினை உருவி
வெறும் பாபினைச் செருகுகிற வேலை அது.
அவன் கை ஒன்றையும் தொட்டதில்லை.
சங்கு ஊதும் நேரத்தில்
ஆற்று மணலில் ஓடிக்கொண்டிருப்பான்,
வெறுங்கால், வாயில் வேப்பங்குச்சி.

'என்னவே கணக்குப்பிள்ளை,
எங்களுக்கு ஏழணா,
நூலே தொடாதவனுக்கு ஒம்பதா?'
'அவன் தொடுறது வேற' என்றேன்.
தூத்துக்குடித் துறைமுகக்காரர்களின் வலையை
அந்த ஞாயிறு அவன் மூன்று முறை தொட்டான்.
அப்புறம் கேட்டவர்கள் குறைவு.
தங்கப்பழம் மட்டும் ஓய்வு பெறும்வரை கேட்டான்.

துரையின் தம்பி அமெரிக்காவில்.
அங்கேயும் நூல் மில் ஊர்தான்.
தபால் வந்தால் துரை சத்தமாக வாசிப்பார்,
பாதி எனக்கு விளங்கும்.
தறியைக் கண்ணால் காணாதவர்கள்
பதிவேட்டில் நெசவாளிகளாம்.
ஸ்காட்லாந்துக் கால்களைக்
கப்பலில் வரவழைக்கிறார்களாம்.
அதற்கும் முப்பது வருஷம் முன்னால்
கட்டையால் பந்தடிக்கிற டீம்களின் முதலாளிகள்,
ஆட்டக்காலம் முடிந்த மைதானம் சும்மா கிடக்கிறதே என்று,
காலால் உதைக்கக் கூலி போட்டார்களாம்.
மூன்று வாரம்.
சனம் வரவில்லை. கடையைக் கட்டிவிட்டார்கள்.
'அறுப்பு முடிஞ்ச வயல்ல
வாத்து மேய விட்ட கதை' என்றேன்.
துரைக்குப் புரியவில்லை.

'அங்க வாரத்துக்கு எவ்வளவு?' என்றான் சொரிமுத்து.
டாலரை ரூபாயாக்கி
ரூபாயை அணாவாக்கிச் சொன்னேன்.
வெகுநேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
'நானும் வாரேன்னு எழுதச் சொல்லும்.'

துரை எழுதவில்லை.
நம் பக்கத்துக் கால்கள் இறங்க
அந்த நாட்டுச் சட்டத்தில் துறை கிடையாது.
இருபத்தெட்டில் துரை போனார்.
அவருக்குத் துறை இருந்தது.

முப்பத்தொன்றில் ஒரு தபால், என் பேருக்கே.
மில் மூடியாயிற்று. டீம் இல்லை.
தம்பி கோல் அடித்த மைதானத்தில்
யாரோ உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார்கள்.
கடைசி வரி:
அந்த இடங்கால் எப்படி இருக்கிறது?

அதே மாசம் மதுரையிலிருந்து ஆடிட்டர் வந்தார்.
சிவப்பு மசி, சிவந்த மூக்கு.
ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் விரல் நின்றது.
குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது: கால்.
'கால் நாள் வேலைக்கு முழுக் கூலியா?'
'கால் நாள் இல்லைங்க. காலு.'
'மில் பூட்டியிருந்த நாளில் உற்பத்தி என்ன?'
பொய் சொல்ல வரவில்லை.
'மூணு' என்றேன்.
'மூணு என்ன? பாபினா, கட்டா?'

முப்பத்திரண்டு ஞாயிறு, பதினெட்டு ரூபாய்.
மாசம் இரண்டாக என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அந்தக் கணக்கில்
ஒன்பது மாசம் அந்த டீமுக்கு முதலாளி நான்தான்.
வீட்டில் இதைச் சொல்ல முடியவில்லை.

டீமைக் கலைத்தார்கள்.
சொரிமுத்துவை மெஷினில் நிறுத்தினார்கள், ஏழணாவுக்கு.
கை பழக நாளாயிற்று, பாபின் நழுவும்.
நழுவினால் குனிய மாட்டான்.
தரையைத் தொடுமுன்
இடது பாதம் ஏந்தும்,
முழங்கால் வரைக்கும் ஏறும்,
அங்கிருந்து கைக்கு.
தங்கப்பழம்கூட நூலை விட்டுவிட்டுப் பார்ப்பான்.

துரைக்கு அதை எழுத
என் இங்கிலீஷ் போதவில்லை.
'நலம்' என்று மட்டும் எழுதினேன்.