மணல் கழிவு

மண்டபம் சந்தையில் தார்ப்பாய் விரித்து
எக்ஸ்போர்ட்டில் கழித்த சட்டைகளைக்
குவித்துப் போட்டிருந்தான் சிக்கந்தர்.
ஒன்று எண்பது, இரண்டென்றால் நூற்றைம்பது.
கடலுக்குள் போட்டுப் போக எனக்கு முழுக்கை வேண்டும்,
சொறிமீன் உரசினால் ஒரு வாரம் தடித்துக் கிடக்கும்.

ஆம்பளைச் சட்டைதான். நெஞ்சில் நீலத்தில் ஒரு மீன்.
எந்தக் கடல் மீனோ,
செவுள் இருக்கவேண்டிய இடத்தில்
செட்டை முளைத்திருந்தது.

காலருக்குள் ஒரு துணிச்சீட்டு,
அதில் கறுப்புக் கட்டங்கள்,
டீக்கடையில் காசு அனுப்பக் காட்டுவார்களே, அது மாதிரி.
"காசுக்கு இல்லக்கா, இது சட்டையோட சாதகம்."
போனைக் காட்டினேன். திறந்துகொண்டது.

இங்கிலீஷைப் போனே தமிழாக்கிப் படித்தது:
பருத்தி விளைந்த ஊர். கொட்டை நீக்கிய ஆலை.
நூற்ற மில். பின்னிய கம்பெனி.
சாயமும் அச்சும். தையல்.
ஆறு பெயர், ஆறு முகவரி.
மிச்சம் பிடித்த தண்ணீர் இத்தனை லிட்டர்.
கீழே பச்சையாய் ஓர் இலை.
"எங்கள் சங்கிலியில் எதுவும் மறைவில்லை."
சங்கிலி என்றதும் கை கழுத்துக்குப் போனது.
அது அடகுக்கடையில் இருக்கிறது.

அச்சு என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

கிட்டங்கியில் நிறுவை போடும் பூமிராசு
ஒருநாள் வாய்தவறிச் சொன்னது:
"நீங்க பறிக்கிற கட்டக்கோரை ஆலைக்குப் போயி மாவாகி
துணியில படம் அடிக்கப் போகுது.
அந்தக் கெட்டி இல்லன்னா ஓரம் கலங்கிரும்.
அடிச்சு முடிச்சதும் அலசி விட்டுருவாங்க,
சட்டையில ஒரு பொட்டுகூட மிஞ்சாது."
எந்த ஆலை? எந்தத் துணி?
"லாரி முக்குல திரும்புற வரைக்குந்தான் எனக்குத் தெரியும்."

அப்படியென்றால் இந்த மீன்
என் இடுப்புப் பையிலிருந்து கிளம்பியதாய் இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

"கேள்வி இருந்தால் எழுதுங்கள்" என்றொரு பெட்டி.
கேள்வி இல்லை, எழுதினேன்:
ஏழாவது, நம்புத்தாய்.
விரலுக்குத் துணி சுற்றி, காலுக்குத் தட்டுக் கட்டி
இரண்டாள் ஆழத்தில் மூச்சைப் பிடித்துப் பறிப்பது.
மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் இறங்குவோம்,
நாங்களே கூடிப் பேசி வைத்த கணக்கு.
சுரண்டி கிடையாது, கைதான். வேரை விட்டுவிடுவோம்.
எத்தனை உதறிக் காயப்போட்டாலும்
கிலோவுக்கு நூறு கிராம் மணல் கழிவு பிடிப்பார்கள்.

எழுதியதைப் படித்தால்
மற்ற ஆறுக்கும் உள்ளது இதில் மட்டும் இல்லை:
இடம்.
தீவுப் பக்கம் என்று போடலாம்.
எந்தத் தீவு என்று போட்டால்
வனத்துறை போட் வந்து நிற்கும்.
போன ஆடியில் முத்திருளியின் பையையும் கண்ணாடியையும்
பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.
அபராதத்துக்கு அவள் ஆட்டை விற்றாள்,
சினையாட்டை.

அந்த ஆறு பேரும் வாசலில் பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள்.
நாங்கள் போகிற வழி
கச்சான் அடங்குகிற நேரம் பார்த்து
இருட்டோடு போகிற வழி.

ஒவ்வொரு எழுத்தாய் அழித்தேன்.
மணல் கழிவு வரியை மட்டும் விட்டு
அனுப்பினேன்.
கண் மூடித் திறப்பதற்குள் பதில்:
"உங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

சிக்கந்தரிடம் எழுபதுக்குப் பேசி வாங்கினேன்.
மறுநாள் தண்ணீரில் அந்தச் சீட்டு
பிடரியை அறுத்துக்கொண்டே இருந்தது,
கரையேறியதும் பல்லால் கடித்துப் பிய்த்தேன்.

இப்போது மூன்று மாசம் ஆகிறது.
தோள்பட்டை நைந்துவிட்டது, நீலம் வெளுத்துவிட்டது.
அந்தத் தப்பான மீனுக்கு
ஓரம் மட்டும் இன்னும் கலங்கவில்லை.

நல்ல சரக்கு.
மணல் இல்லாத சரக்கு.