பத்து நாள் கணக்கு

நாகர்கோவிலில் இரவு இரண்டேகால்.
ஒஹையோவில் இன்னும் நேற்றின் சாயங்காலம்.
கிழவருக்கு முதுகில் கட்டி, இரண்டு சென்டிமீட்டர்,
வெட்டி எடுத்தாயிற்று.

மரத்துப்போகப் போட்ட ஊசி தனி இல்லை.
தையல் தனி இல்லை.
பஞ்சு, பிளாஸ்திரி, "வலிக்குதா" என்ற விசாரிப்பு,
பத்து நாளைக்குள் வந்து காட்டுவது, தையல் பிரிப்பது
எல்லாம் ஒரே கோடு, ஒரே தொகை.
உதிர்த்து எழுதினால்
ஆடிட்டர் பெனடிக்ட் ரெஜி
மெயிலில் சிவப்பு எழுத்தில் கத்துவார்.

(போன மாசம் வெட்டூர்ணிமடத்தில்
அம்மாவுக்குக் கால் ஆணி எடுத்த பில்லில்
கையுறைக்கே நாற்பது ரூபாய்.
அது வேற கதை.)

ஆறாம் நாள் திரும்ப வந்திருக்கிறார்.
புண் ஆறுகிறது. தூக்கம் இல்லை.
மனைவி இறந்து ஐந்து வாரம்.

தூக்கம் வேறு சங்கதி என்றால்
இருபத்துநாலு மாடிஃபயர், டாக்டருக்குத் தனிக் காசு.
புண்ணோடு சேர்ந்தது என்றால்
பொட்டலத்துக்குள் போய்விடும்.
சுலபம்தான்,
அடுத்த வரியைப் படிக்காதிருந்தால்:

கட்டியை முதலில் கண்டது மனைவி,
குளித்தபின் முதுகு துடைத்துவிடும்போது.

ஏசி இரைச்சலில் கொஞ்சநேரம் இருந்தேன்.
மணிக்குப் பன்னிரண்டு சார்ட் முடிக்கணும்.
"தொடர்பில்லை" என்று அழுத்தினேன்.
விதிப்படி சரி. ரெஜியும் ஒத்துக்கொள்வார்.

விடிகாலை கேப்,
பார்வதிபுரம் பாலம் இறங்கும்போது
சகாய டெல்பின் என் முதுகிலிருந்து
ஒரு நூலை எடுத்து ஜன்னல்வழி விட்டாள்,
பேச்சை நிறுத்தாமலே.
அது அங்கே இருந்ததே
எனக்குத் தெரியாது.