எட்டு மீட்டருக்குப் பத்து சென்டி

பெர்ஜுந்தையில் மழை
நாலு மணிக்கு வந்து ஐந்தரைக்குப் போய்விடும்.
என் மொட்டை மாடியில் மட்டும்
வியாழன் வரை தங்கும்.

கீழே நகலெடுக்கும் கடை, மேலே நான்.
பகலெல்லாம் தலைக்கு மேல்
யாரோ அணைக்க மறந்த தோசைக்கல்.
சாயங்காலம் அதே கல் ஒழுகும்.
மூன்று பக்கெட், ஒரு மைலோ டின்.
சிவப்பு அட்டைக்காரர்களின் பாரங்களை
ஈரம் படாத மூலைக்கு நகர்த்தி நகர்த்தியே
இடுப்பு போனது.

முந்தி வந்தவன் தார் பூசினான்.
அதற்கும் முந்தி வந்தவன் வெள்ளையாய் எதையோ பூசினான்.
இன்பநாதன் எதையும் பூசவில்லை.
உள்ளே தெரிகிற முப்பதடிக் குழாயில் நீர் நிரப்பி
ஒரு முனையை என்னிடம் தந்து
"புடிங்கக்கா, ஆட்டாதீங்க" என்றான்.

மூலைக்கு மூலை நடந்தோம்.
குழாய்க்குள் நீர் துள்ளியது,
உட்கார்ந்தது,
சொல்லிவிட்டது:
வடிகால் ஓட்டை இருப்பது
மாடியின் ஆக உயர்ந்த மூலையில்.

கட்டியவன் குடித்திருந்தானா,
கட்டடம்தான் ஒரு பக்கமாய் அமர்ந்துவிட்டதா, தெரியாது.
பத்தொன்பது வருஷம்
தென்னை விளக்குமாற்றால் தண்ணீரை
மேட்டுக்கு விரட்டியிருக்கிறேன்.

"சாய்வா அறுத்த நுரைப்பலகை போடலாம்.
மீட்டருக்கு ஒன்னேகால் சென்டி, எட்டு மீட்டருக்குப் பத்து.
வெயிலும் இறங்காது, தண்ணியும் நிக்காது.
ஆனா பழைய ஓட்டைக்கே இழுத்தா
இந்த ஓரம் ஏறிக்கிட்டே போயி
கைப்பிடிச் சுவர் முழங்காலுக்கு வந்துடும்.
தண்ணி போகணும்னு நெனைக்கிற பக்கம்
புது ஓட்டை போட்டுருவோம்."

அந்தப் பக்கம் மருந்துக்கடை ஹோ.
அவருடைய ஏர்கான் என் ஐந்தடியில் சொட்டுகிறதென்று
மன்றத்துக்கு மூன்று கடிதம் போட்டவள் நான்.
நகலுக்குச் செலவில்லை, சொந்த மிஷின்.

சிகரெட் அட்டையில் இன்பநாதன் வரைந்த படத்தோடு
போய் நின்றேன்.
ஏதோ காய்ந்த வேரை நிறுத்து முடித்துவிட்டுத்தான்
நிமிர்ந்தார்.
படத்தைத் தலைகீழாய்ப் பார்த்தார். நேராய்ப் பார்த்தார்.
மலாயில் கேட்டார்:
உன் குழாய் என் சுவரை ஒட்டியா?
ஆமாம்.
அப்படியானால் என் ஏர்கானையும்
அதிலேயே சேர்த்துக்கொள்ளலாமா?

லோரியில் வந்த பலகைகளுக்குக் கனமே இல்லை.
ஒன்று காற்றில் எழும்பி
பஸ் நிலையம் வரை போனது;
பையன்கள் துரத்திப் பிடித்து வந்தார்கள்.
இரண்டு அடுக்கு, மூட்டு மேல் மூட்டு விழாமல்.
மேலே நெருப்புக் காட்டி ஒட்டிய கறுப்புத் தோல்.
பிறகு ஓட்டையை அடைத்து
ஒரு ராத்திரி முழுக்க வேண்டுமென்றே குளம் கட்டினான்.
நான் கீழே, பாரங்களைக் கட்டிக்கொண்டு,
கண்ணைக் கூரையில் வைத்துப் படுத்திருந்தேன்.
ஒரு சொட்டு இல்லை.

நேற்று முதல் பெருமழை.
ஐந்தரைக்கு நின்றது.
கை தானாக விளக்குமாற்றை எடுத்தது, ஏறினேன்.
தண்ணீர் எனக்கு முன்பே
மருந்துக்கடை ஓரம் இறங்கிப் போயிருந்தது.
தொட்டிக் காலடியில் மட்டும் தட்டளவு ஒரு தேக்கம்.
இன்பநாதனிடம் சொல்லலாம், வருவான்.
அதை நானே
இரண்டு தள்ளு தள்ளிவிட்டு வந்தேன்.