முப்பதாவது மணி

ஹோர்சென்ஸ் நகரத்து இறைச்சி ஆலையில்
அப்பாவுக்குக் கணையம் எடுக்கும் வேலை.
தலைகீழாகத் தொங்கி வரும் ஒவ்வொரு பன்றியிலும்
இரைப்பைக்குப் பின்னால் கைவிட்டு
வெளிறிய அந்த நாக்கை அறுத்து
உடனே பனிக்கட்டியில் போடவேண்டும்.
தாமதித்தால் அது தன்னையே தின்றுவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை என்றால் சொல்லமாட்டார்.
எனக்கு ஒரு வருடத்துக்கு எத்தனை என்று மட்டும்
கணக்கு வைத்திருந்தார்:
ஏறத்தாழ ஐம்பது பன்றி.

காலையில் ஒரு ஊசி, மாலையில் ஒன்று.
ஏழாம் வகுப்பில் ப்ரேபென் கண்டுபிடித்துவிட்டான்.
நான் நடந்தால் பின்னாலிருந்து உறுமுவான்,
வகுப்பே சேர்ந்து உறுமும்.
என் பெயர் சோல்வை என்பது
அந்தக் குளிர்காலம் முழுக்க
ஒருவருக்கும் நினைவில் இல்லை.

மருத்துவமனையில், காத்திருக்கும் அறைச் சுவரில்
இன்சுலின் படம் ஒன்று தொங்கியது.
இரண்டு மணிச்சரங்கள்:
ஒன்றில் இருபத்தொன்று, மற்றதில் முப்பது,
கந்தகம் இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தது.
பக்கத்திலேயே பன்றியினுடையது.
வேறு வேலை இல்லாததால்
கண்ணாடிமேல் விரல் வைத்து எண்ணினேன்.
ஐம்பது மணி அப்படியே அதேதான்.
நீண்ட சரத்தின் நுனியில், முப்பதாவது மட்டும்
பன்றிக்கு அலனின்,
எனக்கு (வந்திருக்க வேண்டியது) திரியோனின்.

மறுநாளே போய்ச் சொன்னேன்:
"ஐம்பத்தொன்றில் ஐம்பது, நீயும் பன்றிதான் ப்ரேபென்."
அவன் இன்னும் சத்தமாக உறுமினான்.

இருபத்திரண்டு வயதில்
என் மருந்துப் புட்டியின் சீட்டு மாறியது.
எழுத்து நான்கே நான்கு,
மும்மூன்றாய்ச் சேர்ந்தால் ஒரு மணி.
ஜி இருந்த இடத்தில் ஏ,
முப்பதாவது மணியின் வித்தியாசம் அவ்வளவுதான்.
மனிதருக்கான வரியை எழுதி
டி.என்.ஏ. வளையமொன்றில் வெட்டி ஒட்டி
ஈஸ்ட்டுக்குள் நுழைத்துவிட்டார்கள்.

ஈஸ்ட் அதைப் படித்தது.
யார் வீட்டுக் கடிதம் என்று கேட்கவில்லை.
தனக்குக் கணையம் இல்லையே,
ரத்தமே இல்லையே என்று திகைக்கவில்லை.
நகல் எடுத்தது. மணி கோத்தது.
இரண்டாகப் பிரிந்து
இரண்டு பேராய்க் கோத்தது.

அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.
கணைய மேசையைக் கழற்றப்போவது
எனக்கு முன்பே அவருக்குத் தெரியும்.
"அது என்ன தின்னும்?" என்றார்.
"சர்க்கரை."
கத்தியைக் கீழே வைத்துவிட்டு,
கண்ணில் நீர் வருமளவு சிரித்தார்.
"உனக்கு ஆகாததைத் தின்றுவிட்டு
உனக்கு ஆவதைத் தருகிறதாக்கும்!"
பிறகு அவரைத் தொடைக்கறிப் பக்கம் மாற்றினார்கள்.
பனிக்கட்டி இல்லை, விரல் மரத்துப்போவதில்லை,
மற்றபடி அதே பன்றிதான் என்றார்.

இப்போதும் நெடுஞ்சாலையில்
பன்றி ஏற்றிய லாரி முன்னால் போனால்
நான் முந்துவதில்லை.
பக்கவாட்டு ஓட்டைகளில் ஈர மூக்குகள்.
நன்றி சொல்லலாம்தான்,
சொல்லி அவற்றுக்கு ஆவதென்ன.
ஐம்பது மணியை எங்களுக்கு முன்னால்
யாரோ ஒரே கையால் கோத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்,
பன்றியாகவும் இல்லாத, நானாகவும் இல்லாத ஒன்று.
அதன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தபடி
வெளியேறும் வழியைத் தவறவிட்டிருக்கிறேன்,
இரண்டு முறை.

போன மார்ச்சில் ஒரு தொலைபேசி.
நாற்பத்தைந்து வருடம் கழித்தும் அந்தக் குரல் தெரிந்தது.
"சர்க்கரை ஏறிவிட்டது, இனி ஊசிதான் என்கிறார்கள்.
வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை."

வயிற்றில் குத்து, ப்ரேபென்.
தொப்புளுக்கு நான்கு விரல் தள்ளி.
அழுத்தியபின் பத்து எண்ணு,
அப்புறம்தான் உருவவேண்டும்.

எண்ணுவது கேட்டது.
ஏழில் நின்றது.
"சோல்வை," என்றான், "உறுமிக்கொள்."

"முதலில் பத்து வரட்டும்," என்றேன்.