காது

தம்பெரே நகரத்தில் பிப்ரவரி.
ஹில்க்காவுக்கு ஒரு காது வேண்டும்.

அவள் செய்த காவலாளி
விளக்கை முதுகில் வாங்கி நிற்கிறான்.
தாடியில் உறைபனி, கன்னத்தில் துளைகள்,
எல்லாம் சரி.
காது மட்டும் களிமண்.

ஒளி தோலில் பட்டதும் திரும்பிவிடாது.
கொஞ்சம் உள்ளே போகும்,
இரத்தத்தில் அலையும்,
நுழைந்த வாசல் மறந்து
வேறெங்கோ சிவந்து வெளியேறும்.
சூத்திரம் தெரியும்.
எவ்வளவு சிவப்பு என்பதுதான் தெரியாது.

ஊரில் காது கொடுக்க ஆளில்லை.
எல்லார் தலையிலும் கம்பளித் தொப்பி.
டிராமில் எதிரே இருந்தவர்
அவள் பார்வை பட்டதும்
இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஹெர்வந்தா திருப்பத்தில்
தாழ்ந்த சூரியன் ஜன்னலில் சரிய,
அரிப்புத் தாளாமல் ஒரு பொடியன்
தொப்பியைக் கழற்றினான்.
பற்றிக்கொண்டது காதுமடல்.
ஓரமெல்லாம் மாதுளை,
நடுவே நரம்பின் கறுத்த கிளை.
அவள் இறங்க வேண்டிய நிறுத்தம்
போயே போனது.

இரவு பதினொன்று.
புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கத்தை மாற்றினாள்.
திரை மணல் தூவினாற்போல் இரைந்து
மெல்ல அடங்கியது.
காவலாளிக்குள் இரத்தம் ஓடிற்று.

விளையாட்டில் அவன்
உயிரோடிருப்பது நாலு நொடி.
ஆடுபவர்கள் குறிவைப்பது
நெற்றியை.